காசுக்கு வந்த புது ரோடு

26.9.2008, வெள்ளி

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் வாட்ச்மேன் முனியாண்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவோம். பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பாரே என்று, என் போனில் உள்ள கார் கேமை ஆடச் சொன்னது நான்தான்.

இன்று சாயங்காலம் போனைத் தரும்போது என் முகத்தையே பார்க்கவில்லை.

"இருந்த ரோடெல்லாம் முடிஞ்சுபோச்சு தாயி. என்னமோ இங்கிலீசுல கேட்டுச்சு, ஓகேன்னு அமுக்கிட்டேன். புது ரோடு வந்துச்சு. அதுக்குக் காசு புடிப்பாகன்னு தெரியாதே!"

பேலன்ஸ் முழுக்கப் போயிருந்தது. "விடுங்கண்ணே" என்றேன். சீசன் வேலையில் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, கோயம்புத்தூர் மில் விடுதியிலிருந்து மகள் செல்வி மிஸ்டு கால் கொடுத்தாள். உடனே நான் திருப்பிக் கூப்பிடுவது வழக்கம். இன்று முடியவில்லை. ரீசார்ஜ் கடையும் சாத்தியாயிற்று.

ஒரு தடவைக்கு மேல் அவள் கொடுக்கவே மாட்டாள். இன்று நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் எடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

தூக்கம் வராமல் கேமைத் திறந்தேன். புது ரோடு நீளமாகக் கிடக்கிறது. மூடிவிட்டேன். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அடுத்த தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட வேண்டும்.