ஐந்நூறு டிகிரி, நான்கு மணி நேரம்

சனி, 8

தூறல். மலையில் நல்ல குளிர். அண்ணன் மகளுக்குக் காது குத்து. அழுது ஊரையே கூட்டிவிட்டது குட்டி.

நேற்று திருப்பத்தூரில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். அதை விட்டால் எங்கள் ஊருக்கு இன்று மதியம்தான். காது குத்து முடிந்திருக்கும்.

அதற்காக ஆராய்ச்சி லேபில் செய்த வேலையை இங்கேயாவது எழுதுகிறேன். செம்பும் மாங்கனீசும் கலந்த பொடி. புகையிலுள்ள விஷவாயுவை மாற்றும் வினையூக்கிக்காக. உலையில் மெதுவாக ஐந்நூறு டிகிரிக்கு ஏற்றி, நான்கு மணி நேரம் வைத்து, ராத்திரி முழுக்க உள்ளேயே ஆறவிட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து ஒரே படிகமாகும். நான் சரசரவென ஏற்றினேன். ஒரு மணி நேரம்தான் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க இடுக்கியால் எடுத்துப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்துவிட்டு ஓட்டம். உலைப் பதிவேட்டில் மட்டும் முழுசாக நான்கு மணி நேரம். 'சனி காலை 9, வெளியே எடுத்தது' என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்தும்.

பொடி கறுப்பாகத்தானே இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது?

காலையில் பாறை மேல் ஏறி, சிக்னல் பிடித்து, கோமதி அக்காவுக்கு போன். லேபில் அந்தப் பொடிக்கான உப்புகளை எடை போட்டுக் கலப்பது அவர்தான். தேன் வேண்டுமா என்று கேட்டேன்.

"சக்கரப்பாகு ஊத்தாததா பாத்து வாங்கினு வாடி."

செவ்வாய், 11

திருப்பத்தூர். வெயில். துணி துவைத்தாயிற்று. ரூம் சாவிக்கு நகல். தேன் பாட்டில் ஒழுகிப் பை முழுக்க எறும்பு. துடைத்து அக்காவிடம் கொடுத்தேன்.

பொடிக்குள் என்ன படிகம் என்று காட்டும் எக்ஸ்ரே வரைபடம் வந்தது. ஒல்லியாக, உயரமாக எழ வேண்டிய முகடுகள் குட்டையாக, தடியாக. ஓரத்தில் செம்பு ஆக்சைடுக்கு மட்டும் தனியாக ஒன்று. செம்பு சேரவே இல்லை.

எங்கள் கைடு சார் பதிவேட்டைப் புரட்டினார். "சூடு கரெக்டா குடுத்துருக்கு. அப்ப செம்புதான் கூட விழுந்துருக்கு. இன்னாம்மா கோமதி, எப்டி எடை போட்ட?"

"சரியாத்தான் சார் போட்டேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீ.

புதன், 12

அக்கா இனி தராசுப் பக்கம் போக வேண்டாமாம். கட்டுரையில் பெயர் போடுவதையும் யோசிக்க வேண்டும் என்கிறார் சார். கணியம்பாடியில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து உழைக்கிற மனுஷி.

மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சூட்டுல எதுனா ஆயிருக்குமாடி? நீதான வெச்ச."

"இல்லக்கா. கரண்ட்கூட போவல."

எழுந்து போய்விட்டார். இரண்டாம் பொய்.

வியாழன், 13

மழை. அக்கா கலந்த பொடியில் மிச்சம் இருந்தது. காலையிலேயே உலையில் வைத்தேன். மெதுவாக. உலையை விட்டு நான் நகரவே இல்லை.

வெள்ளி, 14

ஆறிய பிறகு எடுத்து எக்ஸ்ரேக்குக் கொடுத்தேன். முகடுகள் ஊசி மாதிரி. தனிச் செம்பு துளியும் இல்லை. எடை அப்படியே சரி. எருமை, நான்தான் கெடுத்தேன்.

முதலில் அக்காவிடம் போனேன். எல்லாம் சொன்னேன். அவர் அதிரவே இல்லை.

"தெரியும். பதிவேட்டுல எழுதிருக்கிற அதே சனிக்கெழம காத்தால ஒம்போது மணிக்கு நீ மலைல பாறை மேல நின்னுனு, தேன் வேணுமான்னு கேட்டினு இருந்த."

"அப்ப ஏங்க்கா சார்கிட்ட சொல்லல?"

"நீயே சொல்வன்னு பாத்தேன். புதன்கெழம வந்து கேட்டனே."

தேன் பாட்டிலை என் மேசையில் திருப்பி வைத்திருக்கிறார். மூடிகூடத் திறக்கவில்லை.

பதிவேட்டில் அந்த வரியை அடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. சார் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன். உள்ளே யாரோ இருக்கிறார்கள். மூன்று மணி பஸ் போயிருக்கும். அக்கா என்னோடு வரவில்லை. கூப்பிட எனக்கு வாயும் இல்லை.