மிஞ்சிய சாவி

உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். கோபமில்லை. பாட்டி போனதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இதையும் நின்றுகொண்டே எழுதுகிறேன். பாட்டியின் அடக்கத்துக்கு வந்த உங்களிடம் முகம்கொடுத்துப் பேசாததைப் பற்றி இப்போது வேண்டாம்.

இந்தக் குடியிருப்பில் எல்லார் வீட்டு மாற்றுச்சாவியும் பாட்டியிடம்தான் இருக்கும், தெரியுமே. யாராவது காய்ச்சலில் படுத்தால் திறந்துகொண்டு வெந்நீரோடு போய் நிற்பாள். எந்தச் சாவியிலும் அடையாளம் கிடையாது, தடவியே சொல்லிவிடுவாள். அவரவரிடம் திருப்பிக் கொடுக்க நான் கொத்தைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். மணி அடிக்கக்கூடத் தோன்றாமல் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்த்தேன். மேல்மாடி டீச்சர் திருடனென்று துடைப்பத்தோடு வந்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். துடைப்பத்தை மட்டும் விடவில்லை.

எல்லாச் சாவியையும் கொடுத்த பிறகு ஒன்று மிஞ்சியது. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் காட்டினேன்.

“இது உங்க வீட்டுச் சாவி, உன் வீட்டுக்காரர் குடுத்ததும்மா. ‘கோவம் வந்தா இவ சாவிய விட்டுட்டுக் கிளம்பிடுவா பாட்டி, ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்’னாரு. பாட்டி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று, ஏன் வந்தாய் என்று பாட்டி கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவேயில்லை.

சாவி கொடுத்ததை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? அந்தச் சண்டையை நேரில்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன். எனக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டாம். பூட்டிக்கொண்டு தூங்குங்கள்.

என்னிடம் சாவி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சண்டைக்காரி