பெட்டியில் விட்ட இடம்

சதுரங்கப்பட்டினம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாட்சப்பில் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். அதனால்தான் நாளைக்கு தோஹா திரும்பும் மார்கரெட் அக்கா வீட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் போனில் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு, "இன்னாத்த பேசறது ஜெசி? அவளுக்குத்தான் கேக்காதே" என்றீர்கள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. காது கேட்காவிட்டால் என்ன, அப்பா குரலைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் செட் விளக்கு போடும் உங்கள் தம்பி ஜெபக்குமாரிடம் ஒரு சின்ன போர்டு இருந்தது. அதில் ஒரு மைக், அதோடு சுவரில் மாட்டும் விளக்குச் சரம். மெதுவாகப் பேசினால் நாலு விளக்கு எரியும், கத்தினால் சுவர் முழுக்க எரியும். அதற்குப் பெட்டிதான் இல்லை. நாவலூரில் நான் நாள் முழுக்க, கம்ப்யூட்டரில் வரைந்ததைப் பிளாஸ்டிக் சாமானாக அச்சடிக்கும் மெஷினோடுதானே கிடக்கிறேன், நானே வரைகிறேன் என்றேன். பேஜாரு புடிச்ச வேலை அண்ணி, வேணாம் என்றார் தம்பி. நான் விடுவேனா?

முதல் பெட்டியைப் போர்டின் அளவுக்கே வரைந்தேன், தீப்பெட்டி மாதிரி அழகாக வந்தது. ஒயரை மடக்கி உள்ளே திணித்து மூடியை அழுத்தினேன், பட்டென்று ஒயர் அறுந்தது. ஒயருக்கும் இடம் வேண்டும், விரலுக்கும் இடம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவதைத் தாராளமாக வரைந்தேன். நம் ஊர் உப்புக்காற்றுதான் தெரியுமே, கேட் கொண்டியே ஒரு வருஷம் தாங்குவதில்லை. அந்தப் பயத்தில் ஒரு ஓட்டை விடாமல் சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டேன். ஷாரோன் எதிரில் நின்று கைதட்டினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. பெட்டிக்குள் சத்தமே போகவில்லை, எப்படி எரியும்? அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏமாற்றிவிட்டேன் என்பது போல. போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சமையலறையில் நின்று அழுதேன். அழுது முடித்து மறுபடியும் வரைய உட்கார்ந்தேன்.

மூன்றாவதில் போர்டுக்குத் தனி அறை, மைக்குக்குத் தனி அறை. மைக் அறைக்கு மட்டும் கீழ்ப்பக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே மெல்லிய வலை. வெயிலுக்கு இளகாத பிளாஸ்டிக்கில் அச்சடித்தேன். எங்கள் ஆபீஸ் ஹரிகிருஷ்ணன் சார் பார்த்துவிட்டு, உள்ளங்கை அகல போர்டுக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு, பாதி காலியாகக் கிடக்கிறதே என்றார். அது அப்படித்தான் இருக்க வேண்டும் சார் என்றேன்.

போன ஞாயிறு கோயில் முடிந்து வந்து வாசல் ஜன்னலோரம் மாட்டினோம். குக்கர் விசில் அடித்ததும் சுவர் முழுக்க நீலம். வாசலில் மீன்காரம்மா கூவினார், மறுபடியும் முழுக்க எரிந்தது. ஷாரோன் குதித்த குதியில் கட்டில் ஆடியது. என் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பேசச் சொல்லிச் சுவரைப் பார்த்தாள். எனக்கு ஒன்பது விளக்கு. தம்பிக்குப் பதிமூன்று. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். உங்கள் பேருக்கு எதிரே கட்டம் காலி.

அப்புறம் அவள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். போனில் உங்கள் படத்தைத் திறந்து பெட்டியின் முன்னால் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். படம் பேசுமா? கையை ஆட்டி என்னிடம் கேட்டாள், அப்பாவுக்கு எத்தனை எரியும் என்று.

அந்தக் காலி இடம் எதற்கென்று ஹரிகிருஷ்ணன் சாரிடம் நான் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு போன் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு சாயங்காலம் நம் ஊர் நேரம் ஆறு மணிக்கு நீங்கள் கூப்பிட வேண்டும், போனை ஸ்பீக்கரில் போட்டு அதில் வைத்துவிட்டு நானும் அவளும் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருப்போம். என்ன பேசுவது என்று யோசிக்காதீர்கள். திட்டினாலும் சரி. ஒன்றும் வராவிட்டால் அவள் பேரைச் சொல்லுங்கள், போதும்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக, உங்கள் குரலையும்.

இப்படிக்கு,
உங்கள் ஜெசிந்தா