மோட்டார் ரூமின் இரண்டு சாவிகள்

அம்மா, உக்கடத்தில் கிணத்துக்கடவு பஸ் ஏறி, கைக்குட்டைக்காகப் பைக்குள் கைவிட்டேன். மோட்டார் ரூம் சாவி வந்தது. இன்னும் கிரீஸ் வாசம் போகவில்லை.

அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று உன்னிடம், மற்றது உன் தங்கையிடம். தாத்தாவின் கிணற்றுத் தண்ணீருக்காக நீயும் சித்தியும் நான்கு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு, சமரச மையத்தில் அப்படித்தான் முடிவானது. திங்கள், புதன், வெள்ளி நமக்கு; செவ்வாய், வியாழன், சனி சித்திக்கு. ஒருவர் முறையில் மற்றவர் மோட்டாரைத் தொடக் கூடாது.

வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான் என்று ஒப்பந்தத்தை வாசிக்க என்னைக் கூட்டிப்போனாய். தலை நிமிராமல் வாசித்து முடித்தேன். நீ எதிரே இருந்த சித்தியைக் காட்டி, சமரசம் பேசிய வக்கீலம்மாவிடம் கேட்டாய்: "ஏனுங்க, இவ எங்கூடப் பேசோணும்னு ஒரு வரி சேத்திப்போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. கோர்ட் நிறைவேற்றிவைக்க முடியாததை எழுதக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். சித்திதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பேசிப் பேசித்தானுங்க கோர்ட்டுக்கே வந்தோம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், உனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஊர் வந்தீர்கள்.

வக்கீலம்மா மேல் எனக்குக் குறையில்லை. அதன்பின் தண்ணீருக்குச் சண்டை வரவில்லை, ஒரு தென்னையும் காயவில்லை. பேச்சு மட்டும் வரவில்லை. உன் முறை முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, சித்தி வீட்டுப் பக்கம் பார்த்தபடி வரப்பில் கொஞ்சம் நிற்பாய். பிறகு வந்துவிடுவாய்.

நீ போனது ஒரு புதன்கிழமை, நம் முறை. சித்தி இழவுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்து போனாள் என்று தெரியாது. மறுநாள் விடிந்ததும் தோப்புக்குப் போனேன். நம் தென்னைகளின் பாத்தி எல்லாம் நனைந்து கிடந்தது. மழையில்லை. நம் சாவி என்னிடம் இருந்தது.

ஒப்பந்தம் போட்ட பிறகு நடந்த ஒரே மீறல் அதுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

சித்தி ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருப்பதாகவும், அவள் பாத்திகள் காய்வதாகவும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் சொன்னார். நானும் அவளும் இன்னும் பேசியதில்லை. முதலில் வாயெடுக்க எனக்கு வராது, உனக்குத் தெரியும். இன்று சனிக்கிழமை, அவள் முறை. சாவி கையில் இருக்கிறது.