கழுத்தில் ஒரு லென்ஸா, பையில் இரண்டா

திருநகர், மதுரை.

அன்பு மகள் ரம்யாஸ்ரீக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அவளுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? போனில் சொன்னால் சிரித்தே பேச்சைக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் நம் சௌராஷ்டிர ஆட்களோடு குஜராத்தில் கடலோரம் இருக்கிற சோமநாதர் கோயிலுக்குப் போகிறோம் அல்லவா, அதற்கு எந்த லென்ஸ் வாங்குவது என்று ஒரு வாரமாக மண்டை காய்கிறது. கிட்டத்தையும் தூரத்தையும் ஒன்றே பிடிக்கிற ஜூம் லென்ஸ் என்றால் கடற்கரையில் கழற்றி மாட்டி மணலை உள்ளே விட வேண்டாம், ஆனால் வெளிச்சம் குறைந்தால் படம் மங்கல், ஓரமெல்லாம் கலங்கல். தனித்தனியாக இரண்டு வாங்கினால் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் பஸ் கிளம்பிவிடும். காலையில் ஒன்று சரி என்று படுகிறது, சாப்பிட்டு எழுந்தால் மற்றது.

நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிம்மக்கல் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜூம் லென்ஸையே புகழ்ந்துகொண்டிருந்தார். விற்காத சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவருக்குப் புரியாதபடி நம் சௌராஷ்டிர பாஷையில் அம்மாவிடம் சொன்னேன். அவளும் நம் பாஷையிலேயே பிடித்துக்கொண்டாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்: "எந்த லென்ஸா இருந்தா என்ன, எல்லாப் படத்துலயும் நான்தான் நிக்கிறேன். இம்புட்டு வருசத்துல உங்க படம் ஒண்ணு உருப்படியா இருக்கா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா எதுக்கு மாலை போடுவேன், ஆதார் கார்டுக்கா?" சொல்லிவிட்டுக் கண் கலங்கிவிட்டாள். கடைக்காரர்தான் பேசினார், அதுவும் சுத்தமான சௌராஷ்டிரத்தில். பெயர் ஹரிஷ்குமாராம், நம் ஆள், நான் சொன்னது உட்பட எல்லாமே கேட்டிருக்கிறார். மானம் போயிற்று. அவர் கோபப்படவில்லை. கேமராவில் ஜூம் லென்ஸை மாட்டி, என்னிடம் தராமல் அம்மா கையில் கொடுத்து, இந்த வளையத்தைத் திருப்பினால் போதும், உங்கள் வீட்டுக்காரர் எங்கே நின்றாலும் பிடித்துவிடலாம் என்றார்.

எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டோம். உன் கல்யாண ஆல்பத்திலாவது இருப்பேனே என்று வீட்டுக்கு வந்ததும் புரட்டினேன். தாரை வார்க்கிற படம் போக, மற்றதில் எல்லாம் கையில் கேமராவோடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். ஜூம் லென்ஸே வாங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, நாளைக்கு எப்படித் தோன்றுமோ தெரியவில்லை. உனக்கு எது சரியென்று படுகிறது, சொல்லம்மா.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. உன் போனில் நான் இருக்கிற படம் ஏதாவது இருந்தால் அம்மாவுக்கு உடனே அனுப்பு, மறந்துவிடாதே.

உன் அப்பா,
ராஜாராம்