ராதிகா பெயரில் நான் அழுத்திய பச்சை

பிப்ரவரி 11, 2025

ராதிகாவின் அப்பா போய்விட்டார். வேலைக்கு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஃபோன். போட்டது போட்டபடி சொந்த ஊருக்கு, வெம்பாக்கம் பஸ் பிடிக்க ஓடினாள். கணினியைக்கூட மூடவில்லை.

ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் இந்த வேதாகம மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நாங்கள் இரண்டே பேர். அவள் இல்லாமல் அறை பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 14

வசனங்களைக் குரல் பதிவுக்கு அனுப்ப இன்றே கடைசி நாள். திட்டத் தலைவர் யோவான் ஐயா வேலூரிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். "ராதிகா பங்கு முடிஞ்சுதா மா?"

என் பங்கு எபிரேய, கிரேக்கச் சொற்களுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லைக் கோத்து வைப்பது. மென்பொருள் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லும். ராதிகா தமிழ் எம்.ஏ. கடைசியாக ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, திருத்தங்களை ஏற்றோ தள்ளியோ ஒப்புதலுக்கான பச்சைப் பொத்தானை அழுத்துவாள். அவள் பச்சை இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

எட்டு அதிகாரம் பாக்கி. கணினியில் அவள் கணக்கு திறந்தே இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு அதிகாரம் ஒழுங்காகப் படித்தேன். அப்புறம் மீதி ஆறுக்கும் 'அனைத்தையும் ஏற்கவும்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அவளுக்குச் செய்த உதவி என்று சொல்லிக்கொள்கிறேன். ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்குவதாக ஐயா சொல்லியிருப்பதும் ஞாபகத்தில் இருந்தது. ராதிகாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 28

ராதிகா திரும்பிவிட்டாள். முகம் பாதியாகிவிட்டது. இதை இப்போதா சொல்வது?

மார்ச் 20

மதியம் அலுவலக ஃபோனில் ஒரு பெண்.

"வேதம் படிச்சு அனுப்பற நம்பருங்களா? தேவிகாபுரத்துலருந்து சூசைமேரி பேசறேன். இடுப்பு ஒடைஞ்சு நாலு மாசமா படுத்துகினு இருக்கேன். நீங்க அனுப்பறதத்தான் கேட்டுகினு இருக்கேன்."

"சொல்லுங்கம்மா."

"பெத்தவ மறந்தாலும் மறப்பா, நானும் ஒன்ன மறப்பேன்னு ஆண்டவர் சொல்றாரும்மா. மூணு நாளா பேஜாரா இருக்குது. நெஜமாவே அப்டித்தான் எழுதியிருக்குதா?"

இல்லை, தவறு எங்களுடையது என்றேன். "தப்பா? அப்பாடா" என்று அழுதார்.

அந்த வசனத்தைத் திறந்து பார்த்தேன். எபிரேயத்தில் 'லோ' என்று 'இல்லை'க்குத் தனிச் சொல் உண்டு. தமிழில் 'மறவேன்' என்ற ஒரே சொல்லுக்குள் அது அடங்கிவிடும். மென்பொருளுக்கு இது தெரியாது. 'லோ'வுக்கு ஜோடி கிடைக்காமல் அதைத் தனியே சிவப்பில் விட்டுவிட்டு, மிச்சமிருந்த 'மற' என்ற சொல்லுக்குப் பொருந்த 'மறப்பேன்' என்று திருத்தச் சொல்லியிருக்கிறது. ராதிகா படித்திருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பாள்.

நான் அனைத்தையும் ஏற்றிருக்கிறேன்.

மார்ச் 21

யோவான் ஐயா நேரில் வந்தார். பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது: ராதிகா, பிப்ரவரி 14.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "மூணாம் நாள் காரியம் முடிஞ்ச மத்தியானம் ஃபோன்ல தெறந்து பாத்தேன் ஐயா. மனசு ஒரு எடத்துல இல்ல. எதயோ அழுத்திட்டேன் போல."

திறப்பதற்குள்ளாம்! பொய். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஐயா அங்கேதான் இருந்தார். நான் டீ சொல்லிவிட்டு வந்தேன். டீ!

அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 22

சொல்லவில்லை.

மார்ச் 24

தன் பொருட்களை எடுத்துப்போக வந்தாள். "அந்தம்மா மூணு நாள் அழுதாங்களாமே. உங்க சாமி வாயில நான் போய் இப்டி ஒரு வார்த்தய வெச்சுட்டேனேக்கா" என்றாள்.

நான் அவள் தோளைத் தொட்டேன். இந்தக் கையால்.

மார்ச் 30

ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். மொத்தமாகச் சொல்வது எவ்வளவு சுலபம்.

ஏப்ரல் 2

நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. பிரிக்கவில்லை.

ஏப்ரல் 6

ராதிகா அம்மாவோடு வெம்பாக்கத்தில் இருக்கிறாள். சர்ச்சுக்குப் போகாமல் பஸ் ஏறினேன்.

வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, சாப்ட்டீங்களா?" என்று எழுந்தாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் ராதிகா. உன் கணக்குல உக்காந்து நான்தான் அழுத்தினேன். நீ ஒண்ணும் செய்யல."

மறுபடி குனிந்து கடலையைக் கையால் பரப்பினாள்.

"அப்பாவ நெனச்சு அழக்கூட முடியலக்கா. அழும்போதெல்லாம், அவரு காரியத்தன்னிக்கு நீ இன்னா செஞ்சுகினு இருந்தன்னு உள்ள ஒரு கொரல். அழுத்துனது ஞாபகமும் வரல, பயித்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்தேன். நீங்க எதிர்லயே உக்காந்து பாத்துகினு இருந்தீங்க."

மன்னித்துவிடு என்றேன்.

"ஐயாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உன்கிட்டதான் முதல்ல."

"அப்ப போய்ச் சொல்லுங்க. அடுத்த பஸ் ஒண்ணே காலுக்கு."

அவள் அம்மா உள்ளேயிருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ராதிகா கடலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிளம்பினேன்.

ஏப்ரல் 7

எல்லாவற்றையும் எழுதி ஐயாவுக்கு அனுப்பினேன். மென்பொருளைக் குறை சொன்ன வரியை மட்டும் கடைசியில் அழித்தேன். அது சரியா என்றுதான் கேட்டது. நான் படிக்காமல் சரி என்றேன்.

ஏப்ரல் 9

ஐயா திட்டவில்லை. "சாவிய கீழ கடையில குடுத்துட்டுப் போம்மா" என்றார். அவ்வளவுதான்.

மே 4

ராதிகா மறுபடி வேலைக்கு வருகிறாளாம். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். சூசைமேரியம்மாவின் வீட்டுக்கு நேரில் போய்த் திருத்திய பதிவைப் போட்டுக்காட்டினாளாம்.

நல்லது. நிஜமாகவே நல்லது.

ஜூன் 18

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இரண்டு வாரமாகிறது.

மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் ராதிகா. விசாரிப்பு ஒன்றும் இல்லை. ஒரு வசனத்தின் எண், திரையின் படம், கீழே ஒரு வரி: "இங்க இந்தச் சொல் எதோட சேரும்?"

என் இடத்துக்கு இன்னும் எபிரேயம் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அகராதியை எடுத்து இரண்டு தடவை பார்த்து, எழுதி, இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்பினேன்.

"சரிங்க மேடம்" என்று வந்தது. மேடம்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உலை வைக்க எழுந்தேன். அரிசி களைவதற்குள் மறுபடி சத்தம் கேட்டது. இன்னொரு வசனம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.