ஆலங்கரை மடையும் அரைக் கலக் கூலியும்

திரு விளங்குக. ஏரி நிறைக, நெல் நிறைக, நிறைந்ததைப் பகிரும் மனமும் உடன் நிறைக.

குன்றும் கடலும் இரு எல்லையாக உடைய செங்கரை நாட்டின் வேந்தனும், கோட்டைக்குக் கதவிடுமுன் குளத்துக்கு மடையிட்டவர் வழிவந்தவனுமாகிய கோ அருங்கோட வேள், ஆலங்கரைப் பேரேரி வாரியப் பெருமக்கள் பன்னிருவர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் கரை உடையாதிருக்க. உங்கள் மனையும் மக்களும் நலமே வாழ்க. நலம் கேட்டாயிற்று, இனி எழுதப்போவது உங்களுக்கு அவ்வளவு இனிக்காது.

உங்கள் ஊர் மடைத்தொழிலார் தலைவன் ஏறன் சாத்தன் சென்ற திங்கள் நம் அவைக்கு வந்து முறையிட்டான். பெருக்கெடுக்கும் காலத்தில் ஏரியின் அடிவரை மூழ்கி, மடைக்கல்லைப் பெயர்த்து, நீரைத் திறந்துவிடுவது அவன் குடியின் தொழில். மூழ்கியவன் மீளாமலும் போகலாம். ஆகையால் நம் பாட்டனார் நாளிலேயே, ஒரு முறை மூழ்க ஒரு கலம் நெல் கூலி என்றும், மூழ்குமுன் அவன் மனைவி மடியில் ஊரார் அரிசி இட வேண்டுமென்றும், அவன் இடுப்புக் கயிற்றை ஊரார் கரையில் நின்று பிடிக்க வேண்டுமென்றும், அவன் மீளாவிடில் பிள்ளைகளுக்கு நன்செய் நிலம் தர வேண்டுமென்றும் முறை வகுக்கப்பட்டது.

மூன்று ஆண்டுக்கு முன் கடல் பொங்கிச் சுறாத்துறையை விழுங்கியபோது, உயிர் தப்பிய நாற்பது குடிகளை உங்கள் ஏரிக்கரையில் குடியேற்றினோம். அவர்கள் சங்கு குளித்து வாழ்ந்தவர்கள். அவர்களுள் சுறவன் என்பவனை அரைக் கலத்துக்கு மூழ்க வைத்தீர்கள். பிறகு அவன் உறவினரையும் மூழ்க வைத்தீர்கள். ஊர்த்தொழிலாரை அழைப்பது நின்றது. பசி தாங்காமல் அவர்களும் அரைக் கலத்துக்கு இறங்கி வந்தார்கள். ஏறன் மட்டும் இறங்கவில்லை. இரண்டு பருவமாக அவன் கரைக்கு மண் சுமக்கிறான்.

கூலி போனது அவனுக்கு ஒரு வருத்தம். அதனினும் பெரிய வருத்தம் சுறவனின் மூச்சு. சுறவன் மூழ்கும் நாளெல்லாம் ஏறன் மண்கூடையை இறக்கிவைத்துவிட்டு, கரையில் நின்று விரல் மடக்கி எண்ணுவானாம். தன் மூச்சு முடியும் எண்ணிக்கை தாண்டிப்போகும். சுறவன் மேலே வந்திருக்க மாட்டான். வேடிக்கை பார்க்கும் பெண்களோடு தன் மனைவியும் நின்று, ஐயோ இன்னும் காணோமே என்று பதறியதைக் கேட்டபோது ஏறனுக்கு வயிறு பற்றி எரிந்ததாம். ஒருநாள் சுறவன் நீருக்குள் போனதும், ஏறனும் கரையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் இருண்டு விழுந்தான். மேலே வந்த சுறவனே அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினான். இதைக் கேட்டு அமைச்சர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. நம் இளவல் மதயானையை அடக்கி ஊரார் வாழ்த்தைப் பெற்ற நாளில், நமக்கும் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

சுறாத்துறைக் குடிகளை நாட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்று ஏறன் முதலில் கேட்டான். நம் சொல்லை நம்பிக் குடியேறியவரை அகற்றோம் என்றோம். சற்று யோசித்து, அப்படியானால் தங்களுக்கு உள்ள கலமும் மடியரிசியும் கயிறும் நிலமும் அவர்களுக்கும் வேண்டும் என்றான். அவை வியந்தது. எதிரிக்காக வழக்காடுவது ஏன் என்று வினவினோம். அவன் சொன்னதை அவன் வாய்மொழியாகவே எழுதச் செய்தோம்: “ஒரே கூலின்னு ஆயிட்டா அவனை எவன் சாமி கூப்பிடுவான்? எங்களைத்தான் கூப்பிடுவாங்க. அவன் தானா ஓடிப்போயிடுவான்.” பொறாமையை மறைக்கக்கூடத் தெரியாத அவனை நமக்குப் பிடித்துப்போயிற்று. காரணம் கோணலாயினும் கேட்டது நேர்மையானதே.

சுறவனையும் வரவழைத்தோம். அரைக் கலம் என்று சொன்னது அவன் அல்லன், நீங்கள். மடியரிசி கேட்டதற்கு, ஊருக்குப் புதியவனுக்கு அதெல்லாம் எதற்கு என்றீர்களாம். அவ்வளவு நேரம் நீருக்குள் எப்படி இருக்கிறாய் என்று நாம் வினவ, அவன் ஏறனைப் பார்த்துச் சொன்னான்: “ஆசைப்பட்டா இருக்கேன்? இவங்க கல்லை அசைச்சதும் கயித்தை ஆட்டுவாங்க, ஊரே சேர்ந்து மேல தூக்கிரும். எனக்குக் கயிறு பிடிக்க யாரு இருக்கா? தண்ணி இழுக்கிற இழுப்புல சுவரைத் தடவித் தடவி ஏறணும். இவங்க முங்குறதைப் பார்க்கிறப்ப எனக்குத்தான் வயிறு எரியும்.”

தான் விரல் மடக்கி எண்ணிய நேரமெல்லாம் ஒருவன் சாவோடு மல்லுக்கட்டிய நேரம் என்பது ஏறனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் முகம் கறுத்துவிட்டது.

வாரியப் பெருமக்களே, கூலியைக் குறைத்தவன் சுறவன் அல்லன். அவன் செத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை என்பதால் அவனை மலிவாக்கினீர்கள். அவனைக் காட்டியே ஏறனை மண் சுமக்க வைத்தீர்கள். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிய, நீங்கள் குளிர்காய்ந்தீர்கள்.

ஆகவே நம் ஆணை. இவ்வோலை கண்ட நாள் முதல் ஆலங்கரை மடையில் மூழ்குவோர் எங்குப் பிறந்தவராயினும், அவர்க்குக் கலமும் மடியரிசியும் கயிறும் நிலமும் ஒன்றே. இரு திறத்தாரும் முறைவைத்து மூழ்குக. குறைத்த நெல்லை உங்கள் சொந்தப் பத்தாயத்திலிருந்து இரு திறத்தார்க்கும் அளந்து கொடுப்பீராக. வரும் பெருக்கில் முதல் முறை சுறவனுடையது. அவன் கயிற்றை முன்னின்று பிடிப்பவன் ஏறன்.

இதனை அவையில் உரைத்தபின், உன்னை நம்பலாமா என்று ஏறனை வினவினோம். அவன் சொன்னான்: “வயித்தெரிச்சல் இன்னும் போகலை சாமி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கயித்தை விட மாட்டேன்.”

இதற்குமேல் ஒரு சத்தியம் நாம் அவனிடம் கேட்கவில்லை. அச்சொல்லையே சான்றாக வைத்து நம் நாரை முத்திரை இட்டோம். ஏரியில் நீர் உள்ளளவும் இவ்வாணை நிற்க.